புல்வெட்டி வண்டி: சார்ஜிங் வயரிங்கைப் புதிதாக இழுத்தல்

ஏறி உட்கார்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டி வண்டியில் எஞ்சின் முப்பது ஆண்டு தாங்கும். அதைச் சுற்றி ஓடும் வயர் அவ்வளவு காலம் தாங்காது. வெயில், எஞ்சின் சூடு, ஓயாத அதிர்வு, குளிர்காலத்தில் கொட்டகையில் குடியேறும் எலி எல்லாம் சேர்ந்து இன்சுலேஷனைத் தின்றுவிடும். பேட்டரி வாரத்துக்கொரு முறை இறங்கத் தொடங்கும். புதுப் பேட்டரி போட்டால் ஒரு மாதம் ஓடும். பிறகு சாவியைத் திருப்பினால் மறுபடியும் வெறும் ‘டக்’ ஓசைதான். அடுத்து ரெகுலேட்டர், அதற்கடுத்து ஸ்டேட்டர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கோளாறு பெரும்பாலும் களிம்பேறிய ஓர் எர்த் போல்ட்டிலோ, தளர்ந்த ஒரு கனெக்டரிலோ இருக்கும். அதனால் முதலில் அளவெடுக்க வேண்டும், அடுத்து வயர் இழுக்க வேண்டும், உதிரிபாகம் வாங்குவது கடைசி வேலை. இந்த அத்தியாயமும் அதே வரிசையில் செல்கிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய புல்தரை வைத்திருக்கும் வீடுகளில் பரவலாக உள்ள, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் அல்லது கோஹ்லர் எஞ்சின் பூட்டிய, 12 வோல்ட், மைனஸ் எர்த் வண்டிகளுக்கு இங்குள்ள முறை பொருந்தும். 1960களின் சில வண்டிகளில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளையாக, பெல்ட்டில் சுழலும்படி அமைந்திருக்கும். அவற்றின் வயரிங் முற்றிலும் வேறு. இந்த அத்தியாயத்தைக் கொண்டு அவற்றைத் தொடக் கூடாது.

எந்த வகை என்று தெரிந்துகொள்ளுதல்

ஃப்ளைவீலின் உட்புறம் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். அதற்கடியில் அசையாமல் இருக்கும் செப்புக் கம்பிச் சுருள்களே ஸ்டேட்டர். ஃப்ளைவீல் சுழலும்போது ஸ்டேட்டரில் ஏ.சி. மின்சாரம் பிறக்கும். பேட்டரிக்கு வேண்டியது டி.சி. இந்த மாற்றம் எங்கே நடக்கிறது என்பதை வைத்து வண்டிகள் இரண்டு வகை.

முதல் வகை, ரெகுலேட்டர் இல்லாத 3 ஆம்பியர் அமைப்பு. பழைய சிறிய வண்டிகளில் இதுதான். ஸ்டேட்டரிலிருந்து வரும் வயரில், கனெக்டருக்குப் பக்கத்தில், ஸ்லீவுக்குள் சிறு புடைப்பு ஒன்று தென்படும். அது டயோடு. ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விட்டு ஏ.சி.யை டி.சி. ஆக்குவது அதன் வேலை. பிரிக்ஸ் எஞ்சின்களில் இதன் இரட்டைச் சுற்று வடிவம் அதிகம்: ஒரு வயர் டயோடு வழியாகப் பேட்டரிக்கு, இன்னொன்று நேராக ஏ.சி.யாக முகப்பு விளக்குக்கு. இப்படிப்பட்ட வண்டியில் எஞ்சின் நின்றால் விளக்கும் நிற்கும், ஐடிலில் மங்கும். அது கோளாறு ஆகாது.

இரண்டாவது வகை, ரெகுலேட்டர் உள்ள 10, 15 அல்லது 16 ஆம்பியர் அமைப்பு. ஸ்டேட்டரிலிருந்து இரண்டு ஏ.சி. வயர்கள் கிளம்பி, எஞ்சின் கவசத்தில் போல்ட் போட்ட, துடுப்புகள் கொண்ட அலுமினியப் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியே ரெகுலேட்டர். அதிலிருந்து ஒரே ஒரு டி.சி. வயர் பேட்டரியை நோக்கி வெளியே வரும். பெட்டியின் உடல்தான் எர்த்.

வயரின் நிறத்தை நம்பி வகையை முடிவு செய்யக் கூடாது. முப்பது ஆண்டுக்குள் யாராவது ஒருவர் கையில் கிடைத்த வயரை வைத்து ஒட்டுப்போட்டிருப்பார். எஞ்சின் கவசத்தில் அச்சிட்ட மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய எஞ்சின் கையேட்டில் பார்ப்பதே உறுதி.

பாதுகாப்பு

புல்வெட்டி வண்டி காரைவிடச் சிறியதாக இருந்தாலும் காரைவிட ஆபத்தானது. காலடியிலேயே பிளேடு சுழல்கிறது. கீழே உள்ளவற்றில் ஒன்றையும் விடக் கூடாது.

1. சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.
2. ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி, பிளக்கைத் தொடாத இடத்தில் கட்டி வைக்க வேண்டும். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டையும்.
3. பேட்டரியில் மைனஸ் கேபிளை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால், ப்ளஸ் நட்டைத் திருப்பும் ஸ்பேனர் சட்டத்தில் பட்ட மாத்திரத்தில் பேட்டரியின் முழு ஓட்டமும் ஸ்பேனர் வழியாகப் பாயும்.
4. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி மூன்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும்.
5. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். பக்கத்தில் புகைபிடிப்பதும் பொறி பறக்கவிடுவதும் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அமிலம் சிந்தினால் சமையல் சோடா கரைத்த தண்ணீர் ஊற்றிக் கழுவலாம்.
6. எஞ்சினை ஓடவிட்டு அளவெடுக்கும்போது திறந்த வெளியில்தான் வண்டி நிற்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. பிளேடு இணைப்பு விடுபட்டிருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். சட்டைக் கை, தலைமுடி, மீட்டர் வயர் எதுவும் ஃப்ளைவீல் பக்கம் தொங்கக் கூடாது.

இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச், கிளட்ச் மிதி சுவிட்ச், பிளேடு சுவிட்ச் ஆகிய மூன்றும் உயிர் காப்பவை. வயரிங்கைப் பிரிக்கும்போது ‘இது தொல்லை’ என்று இவற்றை இரு முனையும் சேர்த்து முறுக்கிவிடுவது பலர் செய்வது. அதைச் செய்யவே கூடாது. முன்பு யாரேனும் அப்படி முறுக்கி வைத்திருந்தால், இந்த வேலையோடு சேர்த்து அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

வேண்டிய பொருள்கள்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, 10 ஆம்பியர் வரை அளக்கும் துளையோடு. வயர் உரிக்கும் கருவி. லக் அழுத்தும் நல்ல கிரிம்ப் பிளையர். இதில் மட்டும் காசு பார்க்கக் கூடாது. கம்பித் தூரிகை, உப்புத்தாள், பசை உள்ள ஷ்ரிங்க் ஸ்லீவ், வளைய லக், ஸ்பேடு லக், நட்சத்திர வாஷர், ஃப்யூஸ் ஹோல்டர், நெளிகுழாய், கட்டும் டை.

வயரைப் பொறுத்தவரை, வாகனத்துக்கென்றே செய்த, பல இழை கொண்ட செப்பு வயர் வேண்டும். ஜி.எக்ஸ்.எல். என்று அச்சிட்ட வகையின் இன்சுலேஷன் 125 டிகிரி செல்சியஸ் தாங்கும். எஞ்சினை ஒட்டிப் போகும் வயருக்கு அதுவே சரி. வீட்டுச் சுவரில் ஓடும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் சில மாதத்திலேயே உள்ளுக்குள் முறிந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. 3 ஆம்பியர் அமைப்புக்கு 14 கேஜ் வயர், அதாவது சுமார் 2 சதுர மி.மீ., தாராளம். 15, 16 ஆம்பியர் அமைப்புக்கு 12 கேஜ், சுமார் 3.3 சதுர மி.மீ. ஸ்டார்ட்டர் கேபிளும் எர்த் கேபிளும் 6 கேஜுக்கு மெலிந்திருக்கக் கூடாது.

பிரிப்பதற்கு முன் அளவெடுத்தல்

ஏ.சி. அளவும் சார்ஜ் அளவும் எஞ்சினை முழு த்ராட்டிலில் ஓடவிட்டே எடுக்க வேண்டும். ஸ்டேட்டர் தரும் வோல்டேஜ் வேகத்தோடு ஏறும். கையேடுகளில் உள்ள எண்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்கு உரியவை. ஐடிலில் அளந்துவிட்டு ஸ்டேட்டரைக் குறை சொல்வது பழக்கமான தவறு. ஓடவிட்டு அளக்கும் படிகளுக்கு மட்டும் மைனஸ் கேபிளையும் ஸ்பார்க் பிளக் வயரையும் மாட்டிக்கொள்ள வேண்டும். மீட்டரை எஞ்சின் நிற்கும்போதே இணைத்து, முனைகளைக் கட்டிவிட்டு, பிறகு கிளப்ப வேண்டும்.

1. பேட்டரி. இரவு முழுதும் சும்மா நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.0க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. வெளிச் சார்ஜரில் ஏற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் சுழலும்போது மறுபடி பார்க்க வேண்டும். அப்போது 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியே போய்விட்டது. செத்த பேட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜிங் அமைப்பைச் சோதிப்பதில் பயனில்லை. பல ரெகுலேட்டர்கள் பேட்டரியில் ஓரளவு வோல்டேஜ் இல்லாவிட்டால் வேலையே தொடங்காது.

2. ஓடும்போது பேட்டரி முனைகளில். ரெகுலேட்டர் உள்ள வண்டியில் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. எஞ்சின் ஓடும்போதும் 12.5, 12.4 என்று இறங்கிக்கொண்டே போனால் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரிலோ அதன் எர்த்திலோ கோளாறு. அப்படியே ஓட்டினால் பேட்டரி வேகும்.

3. ஸ்டேட்டரின் ஏ.சி. ரெகுலேட்டர் கனெக்டரைக் கழற்றி, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஸ்டேட்டரின் இரண்டு வயருக்கு நடுவே அளக்க வேண்டும். கோஹ்லர் 15 ஆம்பியர் அமைப்பில் 28 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. பிரிக்ஸில் 10 ஆம்பியருக்கு 20, 16 ஆம்பியருக்கு 30. இந்த எண் வந்துவிட்டால் ஸ்டேட்டர் நலம். ஃப்ளைவீலைத் தொட வேண்டியதில்லை.

4. ஸ்டேட்டரும் எர்த்தும். எஞ்சினை நிறுத்தி, ரெகுலேட்டர் வகையில் ஏதேனும் ஒரு ஸ்டேட்டர் வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே ஓம் அளக்க வேண்டும். இணைப்பே இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே எங்கோ வயர் உராய்ந்து உடலில் படுகிறது. டயோடு வகையில் சுருளின் மறுமுனை எஞ்சின் உடலிலேயே முடிவதால் அங்கே இணைப்பு காட்டுவது இயல்பு. இரண்டு வகையையும் குழப்பிக்கொண்டு நல்ல ஸ்டேட்டரைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

5. டயோடு வகை. டயோடு வயரைப் பேட்டரி வயரிலிருந்து பிரித்து, மீட்டரை 10 ஆம்பியர் டி.சி.யில் வைத்து இரண்டுக்கும் நடுவே தொடராக இணைக்க வேண்டும். முழு வேகத்தில் 2 முதல் 4 ஆம்பியர் காட்ட வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் எஞ்சினை நிறுத்தி, டயோடை மீட்டரின் டயோடு நிலையில் பார்க்கலாம். ஒரு திசையில் சுமார் 0.5 முதல் 0.7 காட்டி, மறுதிசையில் ஒன்றும் காட்டாவிட்டால் டயோடு நல்லது.

6. வழியில் தொலையும் வோல்டேஜ். வயரிங்கைப் பற்றி உண்மையைச் சொல்லும் சோதனை இதுதான். பெரும்பாலோர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். ரெகுலேட்டர் வகை வண்டியில், எஞ்சின் ஓடி சார்ஜ் ஏறும்போது, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை ரெகுலேட்டரின் டி.சி. டெர்மினலிலும், மறுமுனையைப் பேட்டரி ப்ளஸிலும் வைக்க வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், நடுவில் உள்ள வயர், ஃப்யூஸ், சாவி சுவிட்ச், அம்மீட்டர் இவற்றில் ஏதோ ஒன்று மின்சாரத்தை மறிக்கிறது. அடுத்து ரெகுலேட்டர் உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளக்க வேண்டும். அங்கே 0.1, 0.2ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை.

அளந்த எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. வேலை முடிந்தபின் ஒப்பிடுவதற்கு வேறு வழி இல்லை.

பழைய வயரைப் படித்தல்

வெட்டுவதற்கு முன் படம் வரைய வேண்டும். எந்த டெர்மினலிலிருந்து எந்த டெர்மினலுக்கு, நடுவில் எந்தக் கனெக்டர், என்ன நிறம் என்பதை ஒவ்வொரு வயராக எழுதி, இரு முனையிலும் எண் எழுதிய டேப் ஒட்ட வேண்டும். கைபேசியில் படம் எடுத்தால் மட்டும் போதாது. கட்டாகக் கட்டிய வயர்களில் எது எங்கே நுழைந்து எங்கே வெளிவருகிறது என்று படத்தில் தெரியாது.

பழுது ஒளிந்திருக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றே. ரெகுலேட்டர் கனெக்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். டி.சி. வயர் நுழையும் துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் லேசாக உருகியிருந்தால் அந்த டெர்மினல் நெடுநாளாகச் சூடாகிக்கொண்டிருந்தது என்று பொருள். உள்ளே உள்ள ஸ்பேடின் நாக்கு விரிந்து, தொட்டாலே கழன்றுவரும் அளவுக்குப் பிடிப்பு விட்டிருக்கும். அதே வயரின் இன்சுலேஷனை ஒரு அங்குலம் உரித்தால், பளபளக்க வேண்டிய செம்பு கரி பூசியதுபோல் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு தூரமும் வயர் வீண். முனையை மட்டும் வெட்டிப் புது லக் போடுவது அங்கே பயன்தராது. கறுத்த செம்பில் கிரிம்ப் பிடிக்காது, சாலிடரும் ஒட்டாது.

இரண்டாவது இடம், ஸ்டேட்டர் வயர் ஃப்ளைவீல் கவசத்தின் கீழிருந்து வெளிவரும் ஓட்டை. அங்கே உள்ள ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருந்தால் தகட்டின் விளிம்பு வயரை அறுத்துக்கொண்டிருக்கும். கவசத்தைக் கழற்றியதும் காய்ந்த புல்லும் பஞ்சுமாக எலிக்கூடு ஒன்று எதிர்ப்பட்டால் வியக்க வேண்டாம். கூட்டை அகற்றிய கையோடு, அடியில் உள்ள வயர்களைப் பல் தடத்துக்காக விரலால் நீவிப் பார்க்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் அவசியம். டாஷ்போர்டில் அம்மீட்டர் இருந்தால் அதன் பின்புற நட்டுகளையும் மறக்கக் கூடாது. சார்ஜ் ஓட்டம் முழுவதும் அந்த இரண்டு நட்டு வழியாகத்தான் போகிறது.

வயர் இழுத்தல்

கட்டு முழுவதையும் ஒரே மூச்சில் பிடுங்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது ஆசையைத் தூண்டும். அனுபவமில்லாதவர் அந்த வழியில் போனால் இரண்டு வாரம் வண்டி எலும்புக்கூடாக நிற்கும். ஒரு சுற்றை எடுத்து, முடித்து, சோதித்து, அடுத்ததற்குப் போவதே நிம்மதி.

1. எர்த். இதிலிருந்து தொடங்க வேண்டும். பேட்டரி மைனஸ் கேபிள் சட்டத்தில் இணையும் இடத்தைப் பெயின்ட் போக, துரு போக, வெறும் இரும்பு மின்னும் வரை தேய்க்க வேண்டும். லக்குக்கு அடியில் நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். சட்டத்திலிருந்து எஞ்சின் உடலுக்கு இன்னொரு தடித்த கேபிள் போடுவது இந்த நூல் உறுதியாகப் பரிந்துரைப்பது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் மேல் எஞ்சினை வைத்த வண்டிகளில் இது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் ஓட்டம் த்ராட்டில் கேபிள் வழியாகக்கூடத் திரும்ப வழி தேடும்.

2. ரெகுலேட்டரின் உடல். இரண்டு போல்ட்டையும் கழற்றி, பெட்டியின் அடிப்புறம், கவசத்தில் அது உட்காரும் இடம், போல்ட் துளை மூன்றையும் சுத்தமாக்க வேண்டும். கவசத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்தபின் சார்ஜ் நின்றுபோன வண்டிகளில் காரணம் இங்கேதான் இருக்கும். ஐயம் இருந்தால் ரெகுலேட்டர் போல்ட்டிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு 12 கேஜில் தனி எர்த் வயர் போட்டுவிடலாம்.

3. ஸ்டேட்டரிலிருந்து ரெகுலேட்டருக்கு. இரண்டு ஏ.சி. வயர்களையும் இடம் மாற்றிப் போட்டாலும் கெடுதல் இல்லை. கோஹ்லரின் மூன்று டெர்மினல் ரெகுலேட்டரில் ஓரங்களில் உள்ள இரண்டும் ஏ.சி., நடுவில் உள்ளது டி.சி. பேட்டரி வயரை ஓரத்து டெர்மினலில் மாட்டினால் ரெகுலேட்டர் எரிந்துபோகும். கனெக்டர் உருகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

4. ரெகுலேட்டரிலிருந்து பேட்டரிக்கு. பழைய வயர் சென்ற பாதையிலேயே புதியதும் செல்ல வேண்டும். பல வண்டிகளில் இது சாவி சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும். சாவி நிறுத்தத்தில் இருக்கும்போது ரெகுலேட்டர் வழியாகப் பேட்டரி மெதுவாகக் கசியாமல் இருக்க அந்த ஏற்பாடு. சிலவற்றில் நேராக ஸ்டார்ட்டர் சொலினாய்டின் பேட்டரிப் பக்க நட்டுக்குப் போகும். எது இருந்ததோ அதையே பின்பற்ற வேண்டும்.

5. ஃப்யூஸ். பேட்டரி ப்ளஸிலிருந்து கிளம்பும் சிறு வயரில், கிளம்பும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் ஹோல்டர் வர வேண்டும். 14 கேஜ் வயருக்கு 15 ஆம்பியர், 12 கேஜுக்கு 20 ஆம்பியர். ஃப்யூஸ் காப்பது வயரை. அடிக்கடி போகிறதென்று பெரிய ஃப்யூஸ் போட்டால் அடுத்து எரிவது வயர், அதற்கடுத்து பெட்ரோல் டேங்க். கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு, அதற்கேற்ற தடிமனில் வயர் போட வேண்டும்.

6. டயோடு வயர். டயோடு கெட்டிருந்தால் 6 ஆம்பியர், 100 வோல்ட்டுக்குக் குறையாத சிலிக்கான் டயோடு போடலாம். அதன் உடலில் உள்ள வெள்ளி வளையம் பேட்டரிப் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் நிற்கும் வண்டியிலும் பேட்டரி ஸ்டேட்டர் வழியாக எர்த்துக்கு ஓடத் தொடங்கும்.

7. கட்டுதல். வயரை நெளிகுழாயில் நுழைத்து, சைலன்சரிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் விலக்கி, லக்கிலிருந்து நான்கு விரல் தூரத்துக்குள் முதல் டை வரும்படி கட்ட வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, மூடியைத் திறந்து மூடி, எங்கும் வயர் இழுபடவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

*குறிப்பு: கிரிம்ப்.* லக்கின் குழல் நீளத்துக்கு மட்டும் உரித்து, இழைகள் ஒன்றும் அறாமல், ஒன்றும் மடங்காமல் நுழைத்து அழுத்த வேண்டும். பிறகு கையால் பலமாக இழுக்க வேண்டும். வந்துவிட்டால் அது இப்போதே வந்தது நல்லது. ஒவ்வொன்றின் மேலும் பசை ஸ்லீவ் ஏற்றிச் சூடுகாட்ட வேண்டும். சாலிடர் வலுவானது என்று பலர் நம்புகிறார்கள். ஒட்டும் வலுதான், ஆனால் ஈயம் ஊறிய இடம் விறைத்து, அது முடியும் கோட்டில் அதிர்வு வயரை முறிக்கும். இந்த எஞ்சின்களுக்கு நல்ல கிரிம்ப்தான் பொருத்தம்.

சாவி சுவிட்ச்

பின்புறம் பி, எஸ், எம், ஜி, எல் என்று எழுத்துகள் இருக்கும்; எல்லுக்குப் பதில் ஏ என்றும் வரும். பி பேட்டரி, எஸ் சொலினாய்டு, எம் இக்னிஷன், ஜி எர்த், எல் அல்லது ஏ விளக்கும் மற்றவையும். சாவியை நிறுத்தத்துக்குத் திருப்பும்போது எம்மும் ஜியும் இணைந்து இக்னிஷனை எர்த் செய்யும், எஞ்சின் நிற்கும்.

எம் வயரில் 12 வோல்ட் படவே கூடாது. நொடி நேரம் பட்டால்கூட இக்னிஷன் மாட்யூல் கெட்டுவிடும். அதன் விலை சார்ஜிங் வேலை முழுவதையும் தூக்கிச் சாப்பிடும். புது சுவிட்ச் வாங்கும்போது ஐந்து டெர்மினல், அதே வடிவம் என்பதை மட்டும் வைத்து வாங்குவதும் இதே விபத்தில்தான் முடியும். வெளியே ஒன்றாகத் தோன்றும் சுவிட்சுகளுக்குள் இணைப்பு வேறுவேறாக இருக்கும். வண்டியின் பாக எண்ணைக் கொடுத்து வாங்கி, மாட்டுவதற்கு முன் மீட்டரால் மூன்று நிலையிலும் எது எதோடு சேர்கிறது என்று பார்த்துவிட வேண்டும். எந்த நிலையிலும் பி எம்மோடு சேரக் கூடாது.

முதல் ஓட்டம்

1. மைனஸ் கேபிளை மாட்டுவதற்கு முன், ஸ்பார்க் பிளக் வயர் கழன்ற நிலையிலேயே, பேட்டரி ப்ளஸ் கேபிளுக்கும் சட்டத்துக்கும் நடுவே மீட்டர் வைத்து நேர் ஷார்ட் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.
2. ப்ளஸ், மைனஸ் இடம் மாறவில்லை என்று பார்த்து மைனஸை மாட்ட வேண்டும். மாறிப் போட்டால் ரெகுலேட்டர் அந்தக் கணமே போகும்.
3. ஐந்து நிமிடம் சும்மா விட்டு, புது வயர்களைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எதுவும் சூடாக இருக்கக் கூடாது.
4. பிளக் வயரை மாட்டி எஞ்சினைக் கிளப்பி, முழு த்ராட்டிலில் அளவெடுத்தலின் 2, 6ஆம் படிகளைத் திரும்பச் செய்து, பழைய எண்களோடு ஒப்பிட வேண்டும். டயோடு வண்டியில் 5ஆம் படியைத் திரும்பச் செய்தால் போதும். டி.சி. விளக்கைப் போட்டதும் வோல்டேஜ் ஒரு கணம் தாழ்ந்து மீண்டும் ஏறினால் ரெகுலேட்டர் சுமைக்கு ஈடுகொடுக்கிறது.
5. இருக்கை, கிளட்ச், பிளேடு சுவிட்ச் மூன்றையும் கையேட்டில் சொன்னபடி ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி ‘எஞ்சின் நிற்கிறதா பார்ப்போம்’ என்று சோதிப்பது பழைய கார்க்காரர்களின் வழக்கம். இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு இக்னிஷன் தனி. பேட்டரி இல்லாமலும் ஓடும். அதனால் அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது, ரெகுலேட்டர்தான் பலியாகும். சட்டத்தில் வெல்டிங் செய்ய நேர்ந்தால் பேட்டரியையும் ரெகுலேட்டர் கனெக்டரையும் கழற்றி வைக்க வேண்டும்.

இன்னும் சார்ஜ் ஏறாவிட்டால்

ஏ.சி. சரியாக வருகிறது, எர்த் சுத்தம், ரெகுலேட்டரின் டி.சி. டெர்மினல் வரை பேட்டரி வோல்டேஜ் வந்து நிற்கிறது, ஆனாலும் ஓடும்போது அது ஏறவில்லை என்றால் ரெகுலேட்டர் கெட்டது என்று இப்போது துணிந்து சொல்லலாம். சார்ஜ் ஏறியும் இரண்டு நாளில் பேட்டரி இறங்கினால் கசிவு. சாவியைக் கழற்றிய நிலையில் மைனஸ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஆம்பியர் மீட்டரை இணைக்க வேண்டும்; மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட்டரைச் சுழற்றக் கூடாது. சில மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ரெகுலேட்டரின் கனெக்டரை உருவிப் பார்க்க வேண்டும். ஓட்டம் நின்றுவிட்டால் கசிவு அதில்தான்.

ஏ.சி.யே குறைவாக வந்தால் மட்டுமே ஃப்ளைவீலைக் கழற்றும் வேலை. நட்டைக் கழற்றியபின் ஃப்ளைவீலைப் புல்லர் வைத்தே எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் உதிரும், கிராங்க் ஷாஃப்ட் முனையும் சிதையும். உட்புறக் காந்தங்களில் ஏதேனும் பசை விட்டு நகர்ந்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் புது ஸ்டேட்டர் போட்டும் பயனில்லை, ஃப்ளைவீலையே மாற்ற வேண்டும். காந்தங்கள் நலமாக இருந்தால் புது ஸ்டேட்டரைத் திருகாணிகளில் இறுக்கி, அதன் வயரை ஃப்ளைவீலில் உரசாதபடி கிளிப்பில் அமுக்கி, புது ரப்பர் வளையத்தின் வழியே வெளியே எடுக்க வேண்டும். சாவிக்கட்டை அறுந்திருந்தால் புதியது போட வேண்டும். நட்டைக் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கி, இக்னிஷன் மாட்யூலின் இடைவெளியைச் சரிபார்த்து, கவசத்தை மூடுவதற்கு முன் ஃப்ளைவீலைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கும் உராயும் ஓசை கேட்கக் கூடாது.